டெலியா மார்ஷின் விலை

முழங்கை வரை வரும் பட்டுக் கையுறையை ஒருபோதும் இஸ்திரி போடக் கூடாது. போட்டால் விரல் நுனியில் ஒரு அசட்டுப் பளபளப்பு ஏறிவிடும். பிறகு எந்த வெளிச்சத்தில் காட்டினாலும் எடுபடாது. ஈரத்துண்டில் சுருட்டி வைத்துவிட்டு, காலையில் ஒவ்வொரு விரலாக நீவிவிட வேண்டும். நாற்பது வருஷமாக நான் செய்துவந்த வேலை அதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஸ்டேஷன் வாசலில் என் விவரம் கேட்ட அந்தப் பையன் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று போட்டுக்கொண்டான். நான் காஸ்ட்யூமர். பெயர் வார்த்தான் பெட்ரோசியான், வீடு க்ளெண்டேலில். நடிகை மிஸ் டெலியா மார்ஷ் உடுத்தியதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். மிஸ் டெலியா தூக்கத்திலேயே இதயம் நின்று போய்விட்டார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, அடக்கமும் முடிந்தாயிற்று. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, உங்களுக்கும் இல்லை. நல்ல மாதிரியாக எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்து, "மெதுவா சொல்லுங்க சார், ஒண்ணும் அவசரமில்ல" என்றீர்கள், டிடெக்டிவ் ஓர்டோனெஸ். எனக்குத்தான் கொஞ்சம் அவசரம். வருகிற சனிக்கிழமை அவருடைய சாமான்களின் மூன்றாம் நாள் ஏலம்.

மிஸ் டெலியாவை உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் சின்னவர். உங்கள் அம்மாவைக் கேளுங்கள். கப்பல் தளத்தில் கடல்பச்சைக் கவுனில் நின்று திரும்பிப் பார்ப்பாரே, அவர்தான் என்றால் உடனே ஞாபகம் வரும். அந்தக் கவுன் நான் தைத்தது. அதில் உள்ள மணி ஒவ்வொன்றும் என் கையால் கோர்த்தது. அந்தப் படத்துக்கு மணி வேலைக்கென்று வெளியே ஆள் வைத்தார்கள். அவர்கள் செய்ததை நான் இரண்டே நாளில் பிரித்துப் போட்டேன். சரி, அது என் கதை. இது என்னைப் பற்றிய விஷயம் இல்லை.

இந்த வருஷம் அவருக்கு எழுபத்துநாலு. டொலூக்கா லேக் வீட்டை விற்றுவிட்டு, வென்ச்சுராவில் கடலைப் பார்த்த மாதிரி இரண்டு அறை வீடு ஒன்றில் குடியேறுவது என்று முடிவு செய்தார். சாமான் எல்லாம் ஏலத்துக்கு. வருகிற பணம் வயதான சினிமாத் தொழிலாளர்களுக்கான இல்லத்துக்கு. எனக்கு அதில் ஒரு சென்ட்கூடக் கிடையாது, நான் கேட்கவும் இல்லை. இதை நீங்கள் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாலும் சரிதான், ஏனென்றால் பத்திரிகைக்காரர்கள் முதலில் பணத்தைத்தான் நினைப்பார்கள்.

அடுத்து வெரோனா பிளேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஸ்டுடியோ, ஒரே காலம், ஒரே மாதிரிப் பாத்திரங்கள். வெரோனா இரண்டு வருஷத்துக்கு முன் மலைப்பாதையில் வளைவைக் கோட்டைவிட்டுக் காரோடு பள்ளத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது நான் போயிருந்தேன். ஒரு கையுறை, ஜோடிகூட இல்லை, ஒற்றை. கட்டைவிரல் பக்கம் சிகரெட் சுட்ட ஓட்டை. தையலும் கோணல். நாற்பதாயிரம் டாலருக்குப் போனது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். எனக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு.

வீட்டுக்கு வந்து மிஸ் டெலியாவிடம் சொன்னபோது அவர் கைகொட்டிச் சிரித்தார். "அடப்பாவி, அந்த ஓட்டை நான் சுட்டதுதான்யா! சீட்டு வெளையாடறப்ப அவ கையில சாம்பலத் தட்டிட்டேன். நாப்பதாயிரமா? பாதி எனக்கில்ல வரணும்?" என்றார். வியாழக்கிழமை தோறும் இருவரும் சீட்டாடுவது வழக்கம். அப்படிச் சிரித்துவிட்டு வெகுநேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விலை அவரை எப்படிச் சுட்டிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. தோழியை நினைத்துக்கொண்டிருந்தார் என்று மற்றவர்கள் சொல்லலாம்.

ஏலத்தை மூன்று சனிக்கிழமைகளாகப் பிரித்திருந்தார்கள். முதல் நாள் மிஸ் டெலியா தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். தெரிந்தவர்களைப் பார்த்துக் கையாட்டினார். ஏலம் கேட்டவர்களிடமே, "ஏம்மா, அத வாங்காத, ஜிப்பு சரியில்ல" என்றார். ஏலக்காரர் ஃபிஞ்ச் மேடையில் நெளிந்துகொண்டிருந்தார். கையுறை ஒரு ஜோடி, நான் நீவி நீவி வைத்திருந்த ஜோடி, நூற்றைம்பது டாலர். பிறகு கடல்பச்சைக் கவுன் வந்தது. ஃபிஞ்ச் ஐயாயிரத்தில் ஆரம்பித்தார். யாரும் கை தூக்கவில்லை. இறங்கி இறங்கி வந்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். இருநூற்று எழுபத்தைந்து டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. வாங்கியது ஹாலோவீன் வேஷங்களை வாடகைக்கு விடுகிற கடை.

ஹாலோவீன் கடை. நான் இரண்டு முறை சொன்னதாக எழுத வேண்டாம், ஒரு முறை போதும்.

இடைவேளையில் ஃபிஞ்சைத் தனியாகப் பிடித்தேன். அவர் தங்கமான மனிதர், இதில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "சரக்குல ஒரு கொறையும் இல்ல வார்த்தான். ஆனா உங்க அம்மணி இன்னும் சூப்பர்மார்க்கெட்ல நின்னு தர்பூசணியத் தட்டித் தட்டிப் பாத்து வாங்கிட்டிருக்காங்களே, அதான் கொறை. கண்ணெதிர்ல நடமாடறவங்க செருப்புக்கு எவன் காசு குடுப்பான்? வெரோனாவப் பாருங்க, நேரம் பாத்துப் போய்ச் சேந்தா."

வேடிக்கையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். தொழில் தெரிந்தவர் வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கும்.

திரும்பும்போது காரில் மிஸ் டெலியாதான் பேசிக்கொண்டு வந்தார். "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதய்யா. யாரோ ஒரு பொண்ணு அதப் போட்டுட்டுப் போயி, நல்லாக் குடிச்சிட்டு, பேய் வேஷம் போட்ட பையன் ஒருத்தனுக்கு முத்தம் குடுக்கப் போறா. பீரோவுக்குள்ள கெடந்ததுக்கு அந்தக் கவுனுக்கு இப்பத்தான் நல்ல காலம்" என்றார். நான் ஓரத்து மணி உதிர்ந்துவிடுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓரத்து மணிகளுக்கு இரட்டை நூல் போட்டிருக்கிறேன், ஆனால் குடிகாரிகளுக்காகப் போடவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை மதியம். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுச் சின்னத் தூக்கம் போடப் போனார். ஏற்கெனவே பாதி வீடு காலி. படுக்கையறையில் கட்டிலும் ஒரு விளக்கும்தான் மிச்சம். கண்ணுக்குக் கட்டும் பட்டைத் துணியை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். அரைமணி நேரம் கழித்து, நன்றாகத் தூங்கிவிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தலையணை எடுத்துவந்தேன்.

எந்தத் தலையணை என்று கேட்பீர்கள். அவர் பெயரின் முதலெழுத்துகள் பின்னிய சாட்டின் தலையணை கட்டிலிலேயே இருந்தது. ஆனால் அது மூன்றாம் நாள் பட்டியலில் இருக்கிறது. உதட்டுச் சாயம் பட்டால் விலை ஏறும் என்பது உண்மைதான், அதை நான் யோசிக்காமல் இல்லை. இருந்தாலும் சாட்டின் ஒருமுறை கசங்கினால் கசங்கியதுதான். அதனால் விருந்தினர் அறையிலிருந்து சாதாரணப் பருத்தித் தலையணையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் கை ஒரு தடவை என் சட்டைக் கையைப் பிடித்தது. பொத்தான் ஒன்று தெறித்துப் போனது. வேறு பிரச்சினை இல்லை. பிறகு தலைமுடியைக் கோதி, இரவு உடையைச் சரிசெய்து, டாக்டருக்குப் போன் செய்தேன். பாவம், அவரும் வயதானவர், வந்து கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். நான் அன்றைக்கு நிஜமாகவே அழுதேன். நாற்பது வருஷம் கூடவே இருந்தவள் நான் பார்க்கப் பார்க்கப் போய்விட்டாள். ஒருமையில் சொன்னதை மன்னிக்க வேண்டும்.

அந்தப் பருத்தித் தலையணை என் வீட்டில் இருக்கிறது, துவைக்கவில்லை, எடுத்துக்கொள்ளலாம். அதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் ஃபிஞ்சிடம் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் தெரியாதவன் இல்லை.

அடக்கத்துக்காக இரண்டாம் நாள் ஏலத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அந்த ஒரு வாரத்தில் என்னென்ன நடந்தது என்கிறீர்கள்? டொலூக்கா லேக் வீட்டு வாசலில் பூக்கொத்து, மெழுகுவத்தி. டீவியில் அந்தக் கப்பல் காட்சி திரும்பத் திரும்ப. ஏல நாளன்று கூட்டம் தெருமுனை தாண்டி நின்றது. உள்ளே பத்துப் பெண்கள் ஆளுக்கொரு டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்களுக்காகக் கை தூக்கினார்கள். ஓசாக்காவிலிருந்து ஒருவர் முடி சிக்கிய சீப்பை ஒன்பதாயிரத்துக்கு எடுத்தார். முதல் நாள் நூற்றைம்பதுக்குப் போன அதே தினுசுக் கையுறை, இன்னொரு ஜோடி, இருபத்திரண்டாயிரம். வாங்கியவர் அதைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். ஹாலோவீன் கடைக்காரரும் கவுனை வாடகைக்கு விடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே விளக்கு போட்டிருக்கிறார். நான் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு அம்மாள் மணி வேலையைக் காட்டித் தன் மகளிடம், "யார் செஞ்சாங்களோ, கையா அது" என்று சொன்னாள். இதையும் நான் சொல்லவந்த விஷயத்தோடு சேர்க்க வேண்டியதில்லை.

அன்றைக்கு ஆக அதிகமாகப் போனது வீட்டில் போடும் நீல அங்கி. முப்பத்தெட்டாயிரம். கூட்டமே எழுந்து கைதட்டியது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தெட்டு, நாற்பது இல்லை. உலகத்தில் என்ன நடந்தாலும் வெரோனாவின் ஓட்டைக் கையுறைதான் இன்னும் மேலே இருக்கிறது.

ஃபிஞ்சிடம் கேட்டேன். அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "இதுவே அதிர்ஷ்டம் வார்த்தான், இதுக்கு மேல போகாது. எழுபத்துநாலு வயசு, மத்தியானத் தூக்கம், நோகாம போயிட்டாங்க. எனக்கும் அப்படித்தான் சாவு வரணும். ஆனா அதுல கதை இல்லியே? வெரோனாவுக்கு அந்த வளைவு இருந்துச்சு, கார் இருந்துச்சு, இன்னிக்கும் ஜனங்க பேசிட்டிருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயம்தான். நான் அரைகுறையாகச் செய்துவிட்டிருக்கிறேன். ஓரம் அடிக்காமல் கொடுத்த துணி என்றுகூடச் சொல்லலாம்.

அதனால்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக நினைத்து நீங்கள் முகத்தை இளக்கிக்கொண்டீர்கள், அது உங்கள் நல்ல குணம். செய்தி வெள்ளிக்கிழமைக்குள் வெளியே வந்தால் போதும். மாலை ஏழு மணிச் செய்தியில் வந்தால் இன்னும் நல்லது. என் படம் கேட்பார்கள், கொடுங்கள், ஆனால் அவர் படம் பெரிதாக இருக்கட்டும். நான் எங்கே ஓடப் போகிறேன்? சிறையிலும் துணி தைக்கிற இடம் இருக்கும் என்று கேள்வி. சனிக்கிழமை விலையை மட்டும் யாராவது எனக்குத் தெரியப்படுத்தினால் நிம்மதியாக இருக்கும்.

இப்போது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டீர்கள். "விலை குறைஞ்சுதுன்னு அவங்க எப்பவாச்சும் உங்ககிட்ட வருத்தப்பட்டாங்களா?" என்று. நியாயமான கேள்வி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இல்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை மதியம்கூடக் கடையிலிருந்து இனிப்பாக ஒரு எலுமிச்சை பை வரவழைத்து, தட்டு எல்லாம் ஏலத்துக்குப் போய்விட்டதால், பெட்டியிலிருந்தே கரண்டியால் தின்றார். என் பங்கையும் பிடுங்கித் தின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலிக் கூடத்தில் ஒரு சுற்று ஆடினார். "காத்து எப்படி வருது பாத்தியா வார்த்தான்? இந்த வீட்டுல சன்னல் இருக்கறதே இன்னிக்குத்தான்யா தெரியுது. ஒருத்தருக்கும் நான் வேண்டாம், ஒண்ணும் பாக்கி இல்ல. வென்ச்சுராவுல எனக்கு ஒரு நாய் வாங்கிக் குடு" என்றார். மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், அவர் அதைவிட நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை. வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.