புனிதா டீச்சர் விழுப்புரம் லைனில் இருந்தது குறித்து

என் பெயர் ராஜாங்கம், வயது 51, தகப்பனார் பெயர் ராஜாமணி. திண்டிவனம் மேட்டுத்தெரு 14ஆம் எண் வீட்டில் குடியிருந்துகொண்டு, முப்பத்தேழு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுத்து வருகிறேன். சொல்லக் கூச்சமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னோடு சண்டை போடும் வாடிக்கையாளரை மெதுவான லைனுக்கு மாற்றிவிடுவது என் வழக்கம். என் மாமியார் வீடும் அதில்தான் உள்ளது.

என்னிடம் இரண்டு லைன்கள் உண்டு. வேகமானது திண்டிவனத்திலேயே எடுத்தது, மெதுவானது விழுப்புரத்திலிருந்து வருவது. ஒன்று அறுந்தால் அதிலுள்ள வீடுகள் தானாக மற்றதற்குத் தாவிக்கொள்ளும், யாருக்கும் தெரியவே தெரியாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்ற நானே இதை அமைத்தேன். ஒவ்வொரு லைனுக்கும் வெளியே தெரிவது ஒரே ஐ.பி. முகவரிதான். வீடுகளுக்கு என் ராவுட்டர் கொடுக்கும் எண்கள் என் வாசலைத் தாண்டாது. ஆகவே எந்த வீட்டார் எதை எழுதினாலும் வெளியே என் விலாசம்தான் தெரியும்.

சென்ற பொங்கலுக்கு மறுவாரம், 9ஆம் எண் வீட்டிலிருக்கும் தனியார் பள்ளி ஆசிரியை புனிதா என் கடைக்கு வந்து, நாலு பேர் முன்னிலையில், "அண்ணே, நீங்க குடுக்கிறது நெட்டா, மேல்சித்தாமூர் போற டவுன் பஸ்ஸா? சுத்திக்கினே கெடக்குது!" என்றார். "ஜல்தியா சரி பண்றேம்மா" என்றேன். அதன் பிறகு அன்றே அவரை விழுப்புரம் லைனில் போட்டேன்.

12.08.2025 காலை 10.40க்கு, மேற்படி பள்ளியின் முகநூல் பக்கத்தில், தாளாளர் பொன்னாடையோடு நிற்கும் படத்தின் கீழ் "எருமைக்கு எதுக்குடா சால்வை" என்று பொய்ப்பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். அது என் திண்டிவனம் லைனின் முகவரியிலிருந்து போனது என்று போலீசார் வந்து சொல்ல, நான் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்தேன். அதில் புனிதாவின் பெயரைப் பார்த்த தாளாளர், அன்று காய்ச்சல் விடுப்பில் வீட்டிலிருந்த அவர்தான் எழுதினார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். அதன் பிறகு புனிதா என் கடைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "அண்ணே, நீங்க சொன்னாதான் எனக்கு வேலை திரும்பக் கெடைக்கும்" என்றார்.

எனவே உறுதியாகச் சொல்கிறேன். எழுதியது திண்டிவனம் லைன். புனிதா இருந்தது விழுப்புரம் லைன். ஆகவே எழுதியது அவரல்ல. என் கெட்ட புத்தியால் ஒருவருக்கு நல்லது நடப்பது இதுவே முதல் தடவை.

மேலே கண்டதை வாசிக்கக் கேட்டேன், அத்தனையும் நிஜம், நான் சொன்னபடியே உள்ளது.

(ஒப்பம்) ராஜாங்கம்

நீயே எழுதினாயா என்று கேட்டதன்பேரில் மேலும் சொல்வது: மேற்படி நேரத்தில் நான் கடையிலேயே இல்லை, எதையும் எழுதவில்லை. முண்டியம்பாக்கம் அருகே பொக்லைன் தோண்டியதில் விழுப்புரம் லைன் அறுந்து, காலை ஒன்பது முதல் மதியம் ஒரு மணி வரை அங்கே வயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். நெட் வரவில்லை என்று ஒரு வீட்டிலிருந்துகூட போன் வரவில்லை.

(ஒப்பம்) ராஜாங்கம்