முடிச்சுக்குள் வெள்ளை

மழை விட்ட மாலை. செவிலிமேடு போகும் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர் போலிருந்தது. நகங்களில் அரக்கு நிறம் ஊறிக் கிடந்தது. வலது கன்னத்துக்குள் பஞ்சு வைத்திருந்தார்.

"என் வாயிலேர்ந்து வெட்டின துண்டு இப்ப எங்க போயிக்கினு இருக்கும்?" என்றார்.

"மெட்ராசுக்கு. ஆனா அது பத்தாதாம். கட்டியில வேற எடத்துலேர்ந்தும் எடுக்கணுமாம்."

"கேன்சர்னு தெரிஞ்சிடுச்சே. இன்னும் எதுக்கு?"

"எந்த மருந்து கேக்கும்னு டிஎன்ஏ பாக்கறாங்க. ஒரே கட்டியில அது எடத்துக்கு எடம் மாறுமாம். ஒரு துண்ட வச்சு முழுசா சொல்ல முடியாதுன்னாங்க டாக்டரம்மா."

"ஒரு தபா வெட்டினது போதும். நான் வரல."

ஜன்னலுக்கு வெளியே தேங்கிய நீரில் வானம் கூடவே மிதந்து வந்தது.

"சாயத்துலேர்ந்து எடுத்த நூல்கட்ட எப்படிப் பாப்ப?" என்று கேட்டாள் அவள்.

"முடிச்ச அவுத்துப் பாப்பேன். கயிறு இறுக்கின எடத்துல சாயம் ஏறாது, வெள்ளையா நிக்கும்."

"அவுக்காம குடுத்தியே, ஒரு கல்யாணப் பொடவைக்கு."

"ஆமா. நெய்யறப்போ திட்டுத் திட்டா வந்துச்சு."

அவர் நாக்கால் பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி, அவுத்துப் பாக்கட்டும்," என்றார் கடைசியில். "ஆனா நீ வெளிய நிக்காத. உள்ள வந்து என் கையப் புடிச்சிக்கோ."

"உள்ள விட மாட்டாங்கபா."

"கேட்டுப் பாரு."