மணமகன் பெட்டியில் மூன்று பேர்

மங்கை: சிரிக்காதே டென்சில். அப்பா பிரஸ்ல நிக்கிறார். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.

டென்சில்: சரி, சிரிக்கல... ஆனா உன் கல்யாணப் பத்திரிகை மேல ‘பம்ப் சோதனை அறிக்கை’ன்னு இருக்கே!

மங்கை: இந்த ஆபீஸ்ல புது ஃபைல் திறந்தாலே அந்த டெம்ப்ளேட்தானே வருது? மத்ததெல்லாம் மாத்திட்டேன். நேத்து காலையில சேவ் பண்ணினேன்... நீ எழுதின மேக்ரோ புரோகிராம் ஃபைலைப் பூட்டிடுச்சு.

டென்சில்: ஆடிட்டுக்காக எழுதினது. யாரும் எதையும் மாத்தக் கூடாதுல்ல?

மங்கை: ‘ஒப்புதல் அளித்தவர்’ இருந்த இடத்துல ‘மணமகன்’னு போட்டேன். இப்ப அந்தப் பெட்டியில டைப் பண்ண முடியல. ஒப்புதல் குடுக்கிறவங்க லிஸ்ட்ல இருந்துதான் எடுக்கணுமாம்.

டென்சில்: யார் யார் இருக்காங்க?

மங்கை: ஸ்ரீகண்டன் சார்...

டென்சில்: அடுத்த மாசம் ரிட்டயர்மெண்ட்.

மங்கை: சண்முகம் அண்ணா.

டென்சில்: அவர் சம்சாரம் இந்த பீன்யா ஏரியாவையே கொளுத்திடும்.

மங்கை: அப்புறம்... நீ.

டென்சில்: ஸ்வல்ப... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.

மங்கை: விளையாடாதே. பூட்டைத் திற.

டென்சில்: திறக்கிற மேக்ரோ பாஸ்வேர்டு கேக்கும். எனக்கு... மறந்துபோச்சு.

மங்கை: நீ எழுதினது, உனக்கே மறந்துபோச்சா?

டென்சில்: ஆமா... மாப்பிள்ளை பேர் என்னன்னு சொன்னே?

மங்கை: ரித்விக்.

டென்சில்: நல்லவரா?

மங்கை: ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக் பத்தித்தான் பேசினார்.

டென்சில்: பாவம், மாட்டியிருப்பார்.

மங்கை: அப்பா போன் அடிக்குது.

டென்சில்: எடு.

மங்கை: எடுத்து என்ன சொல்ல?

டென்சில்: பாஸ்வேர்டு தெரியலன்னு...

மங்கை: பாஸ்வேர்டே கிடையாது. எதுவும் அடிக்காம ஓகே குடுத்தா திறந்துக்கும். காலையிலேயே திறந்தேன்.

டென்சில்: ...அப்போ அவர் பேரைப் போட்டிருக்கலாமே?

மங்கை: போட்டேன். பார்த்துட்டே இருந்தேன்... மனசு வரல. எடுத்துட்டு, பழையபடி லிஸ்டை வச்சு, நானே பூட்டிட்டு உன்கிட்ட வந்தேன்.

டென்சில்: மங்கை...

மங்கை: இரு, ஒண்ணு கேக்கணும். நீ டிசைன்ல இருக்கே. நீ ஒப்புதல் குடுக்கிற ஆளே இல்ல. என் ரிப்போர்ட் எதுலயும் உன் பேர் வந்ததில்ல. இதுல மட்டும் எப்படி வந்துச்சு?

டென்சில்: நேத்து நீ சாப்பிடப் போனப்ப... திறந்து, சேர்த்து, பூட்டினேன். உன் பத்திரிகையில மட்டும்.