தங்கைக்காக எழுதிய இசை

ஃபின்டன் ஹெராட்டிக்கு என் மிளகு ரசம் ரொம்பப் பிடிக்கும். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் காப்பி மாதிரி உறிஞ்சிக் குடிப்பார். அயர்லாந்தில் பிறந்து, இங்கே வெஸ்ட் வின்ட்சரில் தனியாக வாழ்ந்த எழுபத்தெட்டு வயது இசையமைப்பாளர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவரும் அவர்தான். என் மகள் கயல் அதில் வயோலா வாசித்தாள், வயலினைவிடக் கொஞ்சம் பெரியது.

கை நடுக்கம் வந்த பிறகு அவர் பென்சிலால் எழுதும் இசைக்குறிப்புகளைப் படிப்பதே பெரும்பாடாகிவிட்டது. எனக்கு இசை தெரியாது. ஆனால் பதினாறு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவள். பிழை என் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிறுதோறும் அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் எழுதியதை என் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தேன். பெற்றோர் எல்லோரும் இப்படி ஏதாவது வாலண்டியர் வேலை செய்வோம். பிள்ளைக்கு முன்வரிசை கிடைக்கும்.

கயல் காலேஜுக்கு விண்ணப்பித்த வருஷம், அவளே இயற்றிய இசை ஒன்றையும் அனுப்பினால் நல்லது என்று பள்ளியில் வழிகாட்டும் கவுன்சிலர் சொன்னார். அவள் எட்டு வரி எழுதிவிட்டு விழித்துக்கொண்டிருந்தாள். ஃபின்டனின் புதுப் படைப்பு அப்போது என்னிடம் இருந்தது. இறந்துபோன தங்கைக்காக எழுதியது. வேறு யாரும் கேட்டதில்லை. எழுதியவர் பெயரை மட்டும் கயல் என்று மாற்றினேன்.

“அம்மா, திஸ் இஸ் நாட் மைன்,” என்றாள் கயல்.

“உன்னோட எட்டு வரியைத்தான் அங்கிள் டெவலப் பண்ணிக் குடுத்தாரு. எல்லாரும் ஹெல்ப் வாங்கறதுதான். சப்மிட் பண்ணு கண்ணு.”

இடம் கிடைத்தது. ஆனால் பள்ளிக்கூடம் அந்த இசையை வசந்தக் கச்சேரியில் வாசிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஃபின்டன் பாதியில் எழுந்து நின்றார். இது என்னுடையது என்றார், சத்தம் போடாமல். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம், பாவம், கொஞ்ச நாளாகவே மறதி என்றேன்.

ஆர்க்கெஸ்ட்ரா கமிட்டி விசாரித்தபோது நடந்ததைத்தான் சொன்னேன். ஒருமுறை அடுப்பை அணைக்க மறந்தார். ஒருமுறை கார் சாவியை ஃபிரிட்ஜில் வைத்தார். இரண்டும் உண்மை. ஆர்க்கெஸ்ட்ராவை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இசையை எழுதிய பென்சில் தாள்களைத் தன் வீடு முழுக்கத் தேடினார். நானும் கூடவே தேடினேன். அவற்றை ஆபீஸ் ஷ்ரெடரில் போட்டுத் துண்டு துண்டாக்கி இரண்டு நாளாகியிருந்தது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கேட்டார்: எழில், எல்லாவற்றையும் ஏற்றியது நீதானே. நீயே சொல். நான் அதை எழுதினேனா?

இல்லை என்றேன். அவர் நம்பினார்.

மறுவாரம் கயலிடம் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கே வந்தார், கையில் பூங்கொத்தோடு. கயல் மாடிக்கு ஓடிவிட்டாள். “எவ்ளோ பெரிய மனுசன், எழில்!” என்று என் கணவர் பசுபதி நெகிழ்ந்துபோனார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. டம்ளரில் ரசம் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. தன் தலையைத் தானே நம்ப முடியாதபோது என்ன எழுதுவது என்றார். கயலும் வயோலாப் பெட்டியைத் திறக்கவில்லை. போன நவம்பரில் அவர் இறந்தார்.

இந்த மாதம் அவர் தங்கையின் மகள் அயர்லாந்திலிருந்து மெயில் எழுதினாள். மாமாவின் படைப்புகளுக்குப் பட்டியல் போடுகிறாளாம். முப்பத்தாறு கிடைத்திருக்கின்றன. என் அம்மாவுக்காக ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாரே, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாள். எழுத ஆசைப்பட்டார், முடியவில்லை என்று பதில் போட்டேன்.

அனுப்பியதிலிருந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. அதனால்தான் எதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். இப்போது மனசு லேசாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. கயலுக்குப் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது.