டிக்கியில் எரிந்த விளக்கு

விடியற்காலை நாலே முக்கால். தெருவின் கடைசி வீடு. அதற்கப்புறம் விளக்குக் கம்பமும் கிடையாது, ஆள் நடமாட்டமும் கிடையாது... இரண்டு பக்கமும் வெற்று நிலம், நடுவில் நேராகப் போகும் ஒரு சாலை. அந்த வீட்டு வாசலில் அந்த நேரத்தில் ஒரு சத்தம். டக்... டக்... டக். அவ்வளவுதான். கார் கிளம்பவில்லை.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் நான் எழுந்து போய்விடுவேன். என் நண்பனின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. கார் எலக்ட்ரீஷியன். தூங்கும்போதுகூட வோல்ட் பார்க்கும் மீட்டரைத் தலைமாட்டில் வைத்திருப்பார் என்று கிண்டல் செய்து, அவருக்கு மீட்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த வண்டியின் சாவியைத் திருகித் திருகி வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து சீட்டில் அவர் மனைவி. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். அதற்காகவே வாங்கிய பழைய கார் அது. அந்தச் சாலைக்கு அந்த நேரத்தில் வாடகை வண்டி எதுவும் வராது. போன முறை தாமதமாகப் போனதில் பாதி நேரம்தான் மெஷினில் படுக்க முடிந்தது. இரண்டு நாள் மூச்சு வாங்கியது, கால் வீங்கிப்போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று அவர் மச்சான், மனைவியின் தம்பி, பைக்கில் வந்து, பக்கத்துத் தெரு வேன்காரரை எழுப்பி, எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள்.

மதியம் மீட்டர் பானட்டைத் திறந்தார். பேட்டரி மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட் வருகிறது, சார்ஜ் ஏறுவதில் குறை இல்லை. டெர்மினலைச் சுரண்டினார். எர்த் வயரை மாற்றினார். கதவைத் திறந்துவைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாக வண்டியை ஏமாற்றினார். அரை மணி நேரம் காத்திருந்து, நின்ற வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று பார்த்தார். ஒன்றுமே இல்லை. பச்சைக் குழந்தை மாதிரித் தூங்கியது வண்டி.

"ஊர் வண்டிக்கெல்லாம் நீங்க வைத்தியம் பாக்கறீங்க மாமா," என்றான் மச்சான். "இதுக்கு வேணா வேற டாக்டரைப் பாப்பமா?"

"வாயை மூடிக்கிட்டு அந்த டார்ச்சைப் பிடி."

அவருக்கு உள்ளுக்குள் கொதித்தது. பகலில் யோக்கியமாக இருந்துவிட்டு ராத்திரியில் செத்துப்போகும் வண்டியை என்னதான் செய்வது? அன்றிரவு மீட்டரை இணைத்து, ஸ்டூல் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தார்.

ஒன்று ஐம்பது. மீட்டரில் எண் குதித்தது. பூஜ்யத்திலிருந்து... நாலு ஆம்ப்ஸ்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரேடியோ, இல்லை. ஹாரன், இல்லை. டிக்கி விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுந்தது. அட, இவ்வளவுதானா... டிக்கியை மூடியும் விளக்கு அணையவில்லை, ஸ்விட்ச் கோளாறு. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. விரல்நுனி அளவு பல்பு அரை ஆம்ப்ஸ்தான் இழுக்கும். மீதியை இழுத்தது யார்?

புது ஸ்விட்ச் போட்டார். அடுத்த இரவும் பேட்டரி காலி.

கடைசியாக, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒன்றைச் செய்தார். போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, டிக்கிக்குள் சாய்த்து வைத்து, மூடிப் பூட்டினார். மூடியபின் விளக்கு அணைகிறதா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே நின்றார். இரண்டரைக்குத் திறந்தார். ஈரத் துணியை நாள்கணக்கில் மூடிவைத்தது போல ஒரு வாடை. அப்படியே வாசலில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தார்.

மூடியதும் விளக்கு அணைகிறது. சரி. இருட்டு. வெளியே அவர் வண்டியைத் திட்டுகிற குரல் மங்கலாகக் கேட்கிறது. அதுவும் சரி. பிறகு... விளக்கு எரிகிறது. ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு. வேறு ஒன்றும் இல்லை. அந்த விரிப்பு மட்டும் நடுவில் மெதுவாக அமுங்குகிறது. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு. அப்புறம் போன் தானாகக் கவிழ்கிறது. அதற்குமேல் படம் இல்லை... மூச்சுச் சத்தம் மட்டும் நாற்பது நிமிடம்.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். மீட்டருக்குக் கோபம்தான் வந்தது. விடிந்தால் டயாலிசிஸ். பல்பைக் கழற்றி எறிந்தார்.

அன்று மிச்ச ராத்திரி முழுக்க டிக்கிக்குள்ளிருந்து தட்டும் சத்தம். டொக்... டொக். அவசரமே இல்லாமல். காலையில் பேட்டரியில் மூன்று வோல்ட். பல்பே இல்லாத இடத்தில் எதற்கடா கரண்ட்? வேன்காரர் புண்ணியத்தில் ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். மனைவிக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்ங்க."

அந்த வார்த்தை அவரைப் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் டிக்கியைத் திறந்து, உள்ளே பார்த்து நேராகவே கேட்டார். "உனக்கு என்னதான் வேணும்? லைட்டுதானே? வாங்கிக்கோ. என் பேட்டரியைத் தொடாதே."

கடையில் கிடந்த சின்ன பைக் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து டிக்கிக்குள் பொருத்தினார். விளக்கை அதில் மட்டும் இணைத்தார். காருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மறுநாள் கார் ஒரே செல்ஃபில் கிளம்பியது. அதற்கடுத்த முறையும். இரண்டு மாதம் ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. காலையில் சின்ன பேட்டரி சுத்தமாகக் காலியாகியிருக்கும், சாயங்காலம் சார்ஜ் போட்டு வைப்பார். அவ்வளவுதான் ஏற்பாடு. மனைவியிடம் மூச்சு விடவில்லை. இளைத்திருந்த உடம்பு கொஞ்சம் தேறி, அவள் சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தாள்.

ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு, நடுவழியில் ஒரு லாரி நின்றுவிட்டது என்று அழைப்பு. மனைவி தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வராமல் கதவைப் பூட்டிக்கொண்டு பைக்கில் போனார். வேலை முடிந்து திரும்பும்போது மணி நாலரை. வழக்கம்போல் டிக்கியைத் திறந்து சின்ன பேட்டரியில் மீட்டரை வைத்தார்.

பன்னிரண்டு புள்ளி ஏழு. துளிகூடக் குறையவில்லை.

போய்த் தொலைந்தது... ஒருவழியாகப் போய்த் தொலைந்தது. மாதக்கணக்கில் மனசில் கிடந்த பாரம் இறங்கியது. வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மனைவியை எழுப்பலாம் என்று கதவைத் திறந்து உள்ளே போனார்.

படுக்கையறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. உதடு வெளுத்திருந்தது. கையை ஊன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை.

"எழுந்திரிக்கவே முடியலங்க," என்றாள். "உடம்புல இருந்ததையெல்லாம் யாரோ உறிஞ்சி எடுத்த மாதிரி இருக்கு. ராத்திரி பூரா லைட்டு கண்ணுல குத்திச்சு. அணைங்க அணைங்கன்னு எத்தனை தடவ கெஞ்சினேன்... இருட்டுல படுக்க முடியலன்னு சொல்லி இன்னும் நெருங்கிப் படுத்துக்கிட்டீங்களே."