கொட்டகை இருந்த இடத்திலிருந்து

எவெலியோ: ...இதுவும் தோத்துடுச்சு. அடுத்ததை எடும்மா.

சியோமாரா: ஐயா, கடையில இருக்கிறதுல இதோட மூணு ஜி.பி.எஸ் காட்டிட்டேன். நீங்க சொல்ற விலாசத்தை எந்த மெஷினும் கண்டுபிடிக்காது.

எவெலியோ: ஏன் கண்டுபிடிக்காது? நம்ம மனாகுவா ஊருக்கே உரிய சுத்தமான விலாசம். சினிமா கொட்டகை இருந்த இடத்துலேருந்து ஏரிப் பக்கம் ரெண்டு தெரு, சூரியன் ஏறுற பக்கம் ஒரு தெரு, பச்சைக் கதவு.

சியோமாரா: அந்தக் கொட்டகை இப்ப எங்க இருக்கு?

எவெலியோ: எழுபத்திரண்டாம் வருஷப் பூகம்பத்துலயே விழுந்துடுச்சு.

சியோமாரா: சரி... பச்சைக் கதவு?

மார்பெலி: போன வருஷம் நீலம் அடிச்சுட்டாங்கம்மா.

எவெலியோ: நீலம் அடிச்சா என்னடி? விலாசம் மாறிடுமா? யாரைக் கேட்டாலும் பச்சைக் கதவுன்னுதான் சொல்லுவாங்க.

சியோமாரா: எங்க வீடும் அப்படித்தான் ஐயா. புளியமரம் இருந்த இடத்துலேருந்து தெக்கே மூணு தெரு. அந்த மரத்தை நான் பாத்ததே இல்லை.

எவெலியோ: எந்தப் புளியமரம்? சோப்பு ஃபேக்டரிக்குப் பின்னாடியா, பேக்கரிக்கு எதிர்லயா?

சியோமாரா: பேக்கரிக்கு எதிர்ல.

எவெலியோ: மூணாவது தெரு முனையில ஒரு பள்ளம். அதைத் தாண்டினா இடது பக்கம் ஒரு வீடு. சனிக்கிழமை மட்டும் சோளமாவுல கறி வெச்சு அவிச்ச நாக்கத்தமால் விக்கிறாங்க. வாழையிலையைப் பிரிச்சதும் வாசனை தெருக்கோடி வரைக்கும் வரும்.

சியோமாரா: ஐயோ! அது எங்க அம்மா!

எவெலியோ: அப்படியா! உங்கம்மா கைக்குத் தங்க வளையல் போடணும். கறி வைக்கிறதுல கஞ்சத்தனமே கிடையாது.

சியோமாரா: நீங்க எப்படி ஐயா...

மார்பெலி: என் வீட்டுக்காரரு முப்பத்தோரு வருஷமா டாக்சி ஓட்டுறாரும்மா. ஊரையே தலைக்குள்ள வெச்சிருக்காரு. ஒரு தடவை பேய்மழை. தெருவெல்லாம் வெள்ளம், கண்ணாடியில தண்ணியைத் தவிர ஒண்ணும் தெரியலை. பிரசவ வலியோட ஒரு பொண்ணு ஏறினா. இவரு திருப்பத்தை எண்ணி எண்ணியே ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டாரு.

எவெலியோ: குழந்தைக்கு என் பேரையே வெச்சாங்க.

மார்பெலி: பெண் குழந்தை. பாவம்.

எவெலியோ: எவெலியா! அழகான பேருடி!

சியோமாரா: இப்படிப்பட்ட மனுஷருக்கு மெஷின் எதுக்கு?

எவெலியோ: எனக்கில்லை. வண்டியை ஒரு ஆளுக்கு ஓட்ட விடப் போறேன். இடுப்பு வலி.

மார்பெலி: ஆமா. இடுப்பு.

எவெலியோ: அதென்ன அப்படி ஒரு 'ஆமா'?

மார்பெலி: ஏழு வாரம் முன்னாடி பிரேக் சரியில்லைன்னு வண்டியை நிறுத்தினே. இப்ப இடுப்புங்கறே. ரெண்டுல எது?

எவெலியோ: ரெண்டும்தான். வண்டிக்குப் பிரேக், எனக்கு இடுப்பு.

சியோமாரா: ஓட்டப் போறவரு வெளியூரா ஐயா?

எவெலியோ: ஆளே இன்னும் கிடைக்கலை. அதனாலதான் மெஷின் ஒசத்தியா இருக்கணும். என் வண்டியில ஏறினவங்க யாரும் இதுவரைக்கும் வழி தெரியாம நின்னது இல்லை. நான் ஓட்டாட்டாலும்... அந்தப் பேரு கெடக் கூடாதும்மா.

சியோமாரா: அப்ப இதைப் பாருங்க. இதுல இடத்துக்கு நீங்களே பேரு வைக்கலாம். உங்க குரல்லயே சொல்லி வைக்கலாம். 'கொட்டகை இருந்த இடம்'னு ஒரு தடவை சொல்லிட்டா மறக்கவே மறக்காது.

எவெலியோ: பலே! என்னை விடக் கெட்டிக்காரனா இருப்பான் போல. சத்தம் எப்படி? பஸ்காரன் ஹாரன் அடிச்சாலும் கேக்குமா?

சியோமாரா: நல்லா கேக்கும். திரையும் பெருசு. பாருங்க, எப்படி இருக்கு?

எவெலியோ: அடடா... என்ன தெளிவு! ஏரி நீலமா, தெருவெல்லாம் கோடு போட்ட மாதிரி... கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே!

சியோமாரா: ஐயா...

எவெலியோ: சொல்லும்மா.

சியோமாரா: நான் இன்னும்... ஆன் பண்ணலை. மன்னிச்சுக்கங்க, நான் வந்து...

எவெலியோ: வாசல் வெயில் நேரா அடிக்குது பாரு. அந்தக் கூச்சத்துல...

மார்பெலி: எவெலியோ. போதும்.

எவெலியோ: ...உனக்கு எப்ப தெரியும்?

மார்பெலி: நீ பிரேக்குன்னு சொன்ன மறுநாளே. மெக்கானிக்கைக் கேட்டேன். பிரேக் புதுசு மாதிரி பிடிக்குதுன்னான். ஏழு வாரமா உன் காபியை மேசையில ஒரே இடத்துல வைக்கிறேனே... ஏன்னு நெனச்சே?

எவெலியோ: நான் தடவி எடுக்கிறது தெரியாதுன்னு நெனச்சேன்.

மார்பெலி: நினைப்புதான்.

எவெலியோ: கண்ணுக்கு நடுவுல போன பார்வை இனி திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓரத்துல மட்டும் நிழல் மாதிரி தெரியும். அன்னைக்கே சாவியைக் கழட்டிட்டேன் மார்பெலி. ஜனங்களை ஏத்திக்கிட்டு அந்த விளையாட்டு விளையாட முடியுமா?

மார்பெலி: தெரியும். வேற ஆம்பளையா இருந்தா வீராப்புக்காக இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருப்பான். உன்னை நெனச்சு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுமா? வாயைத் திறக்க முடியாம தவிச்சேன்.

எவெலியோ: உன்கிட்ட எப்படிடி சொல்லுவேன்? டாக்சி இல்லேன்னா நான் யாரு?

சியோமாரா: அம்மா... இதுக்குப் பில் போடட்டுமா, வேண்டாமா?

எவெலியோ: போடும்மா. ஆள் கிடைச்சதும்...

மார்பெலி: ஆள் கிடைச்சாச்சு. திங்கட்கிழமையிலேருந்து வேலை.

எவெலியோ: யாரு? என்கிட்ட கேக்காம?

மார்பெலி: வயசு அம்பத்திரண்டு. முன்கோபம் உண்டு. வண்டியைப் பின்னால எடுக்கிறது சுமார்தான். ஊர்ல சந்தையும் சர்ச்சும் விட்டா ஒரு இடம் தெரியாது.

எவெலியோ: விளங்கினாப்லதான்! எங்கேருந்துடி பிடிச்சே அந்த ஆளை?

மார்பெலி: ஏழு வாரமா சர்ச்சுல பாட்டு ஒத்திகைன்னு சொல்லிட்டுப் போனேனே...

எவெலியோ: ஆமா. அங்க பாடுற ஆளா?

மார்பெலி: பாடவும் தெரியாது. டாக்சி லைசென்ஸ் வியாழக்கிழமை வந்துது. இந்தா, தடவிப் பாரு.

எவெலியோ: ...மார்பெலி?

மார்பெலி: போட்டோவுல கண்ணை மூடியிருக்கேன். நல்லவேளை உனக்குத் தெரியாது.

எவெலியோ: அடிப்பாவி! ஊரே தெரியாத உனக்கு இந்த மெஷின் கண்டிப்பா வேணுமே! அம்மா, பில் போடு!

மார்பெலி: மெஷின் வேண்டாம், திருப்பி உள்ள எடுத்து வைம்மா. யோவ், நீ முன்சீட்டுல என் பக்கத்துல உக்காரு. ரோட்டுல இருக்கிறதை நான் பாத்துக்கறேன். இல்லாததை எல்லாம் நீ பாத்துச் சொல்லு.