சுமதி அக்காவுக்கு ஒரு போஸ்டர்

"யாருக்காவ புள்ள இதெல்லாம் வரையுத?" என்று சுமதி அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது தெரியும். நடந்ததைப் பற்றி யாரும் இதுவரை என்னை விசாரிக்கவில்லை. விசாரித்தாலும் எனக்குப் பேச வராது. அதனால் எழுதிவைக்கிறேன்.

என் பெயர் தாரிணி. ஹைதராபாத் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் கீழ்வீடு எங்களுடையது. அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். ஒன்பதாவது படிக்கும்போது நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தெலுங்குப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். வாயைத் திறப்பேன், சத்தம் வராது. பின்பெஞ்சில் சிரிப்பார்கள். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு அதுவே பழகிவிட்டது. அப்பா என்னைத் தையல் வகுப்பில் சேர்த்தார். கிறுக்குவதை எல்லாம் மூட்டை கட்டி வை, இனி கைத்தொழில்தான் சோறு போடும் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

கிறுக்குவதை மூட்டை கட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அங்கே யாரும் பார்ப்பதில்லை. தீப்பெட்டிப் படம், காலண்டர் படம், பண்டிகை மலர்களில் வரும் சித்திரங்கள் எல்லாவற்றையும் நோட்டில் பார்த்து வரைவேன். பழைய சினிமா போஸ்டர்கள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை. அவற்றில் எழுத்தே நடிக்கும். பேய்ப் படத்தின் பெயர் மெழுகுபோல வழியும். சண்டைப் படத்தின் பெயர் பாறைபோலப் பிளந்திருக்கும். கண் முதலில் எங்கே விழ வேண்டும், பிறகு எங்கே நகர வேண்டும் என்று வரைந்தவர் முன்பே முடிவு செய்திருப்பார். பார்க்கிறவருக்கு அது தெரியாது. தான் சொந்தமாகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்.

2005ஆம் ஆண்டு சுமதி அக்கா எங்கள் மாடிக்குக் குடிவந்தாள். கோவில்பட்டிக்காரி. ஹைடெக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டிசைனர். ஒருநாள் அம்மா இல்லாத நேரத்தில் ஒரு படி அரிசி கேட்டு வந்தவள், தானே எடுத்துக்கொள்கிறேன் என்று டின்னை நகர்த்தினாள். நோட்டுகள் சரிந்து விழுந்தன.

அக்கா அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். சிரிக்கவில்லை. அரிசியை மறந்துவிட்டாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து என் தலைமேல் வைத்தேன். "எங்க வீட்ல சொல்லக் கூடாதுக்கா. நான் வரையறேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"ஏ யப்பா, பேசுமா இந்தப் புள்ள? சரி, சொல்ல மாட்டேன், சத்தியம். போதுமா?" என்றாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், துணைக்கு என்று அம்மாவிடம் சொல்லி, என்னை ஆபிட்ஸ் நடைபாதைப் புத்தகக் கடைகளுக்கு அழைத்துப்போவாள். அங்கே ஒரு பெரியவர் பழைய போஸ்டர்களை மடித்து அடுக்கி வைத்திருப்பார். நான் ஒன்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால், "கைக்கு சோச்ரே பேட்டி, லே ஜா" என்று, யோசிக்காமல் எடுத்துப்போகச் சொல்லிக் கையில் திணிப்பார். வாங்க மாட்டேன். போஸ்டரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் கீழோரத்தைப் பார்க்க வேண்டும். வரைந்தவரின் பெயர், அச்சகத்தின் பெயர் எல்லாம் அங்கேதான் எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும்.

"டிசைனர்னு சம்பளம் வாங்குதது நான். பாடம் எடுக்கது நீயா?" என்று அக்கா என் தலையில் குட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஊர்க்கதை சொல்வாள். "எங்க ஊர்ல சினிமா போஸ்டரவிட கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் புள்ள ஜாஸ்தி. உசுரோட இருக்கையில ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். செத்தா மறுநா காலைல தெருவெல்லாம் அவந்தான் ஹீரோ. எங்கம்மா வாசத் தெளிக்க வரும்போதே எதுத்த சொவரத்தான் பாக்கும், இன்னைக்கு யாரு போய்ட்டான்னு."

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எங்கள் காலனியில் அப்படி வழக்கம் இல்லை. சுவரில் வந்துவிட்டால் நம்பிவிடுவார்களா என்று கேட்டேன்.

"அச்சுல வந்த பெறவு என்ன நம்பிக்க? எனக்கு நீதான் வரையணும், ஆமா. நல்லா சிரிச்ச மொகமா வையி. இந்தப் பரிச்சக் கார்டு போட்டோவ வச்சிராத."

நான் சிரித்தேன். அவள் கேட்டுக்கொண்டதை மறக்கவில்லை. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் புரியும்.

தன் அம்மாவைப் பற்றி அக்கா நிறையச் சொல்வாள். அப்பா இல்லை. அம்மா தனியாக இருக்கிறார். இதயம் பலவீனம், இரண்டு கண்ணிலும் புரை. அக்கா கம்பெனியில் எதை வடிவமைத்தாலும் ஒரு பிரதி எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவாள். அம்மா அதைப் பீரோக் கதவில் ஒட்டிவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாராம். "நான் எங்கம்மாவுக்காவத்தான் வரையுதேன். நீ?" என்பாள்.

டிசம்பரில் கம்பெனியின் ஆண்டு விழா வந்தது. பழைய சினிமா என்பதுதான் அந்த ஆண்டின் கரு. மேலதிகாரிகளையெல்லாம் பழைய போஸ்டரில் வரும் நாயகர்களாக வரைய வேண்டும். அக்கா புகைப்படங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தையல் வகுப்புக்குப் போகாமல் மாடியில் உட்கார்ந்து வரைந்தேன். அனந்தராமன் என்ற மேனேஜருக்கு வழுக்கை. கிரீடம் வைத்து மறைத்தேன். அவர் பெயரை வாள்கள் குறுக்கே கிடப்பதுபோல எழுதினேன். அக்கா அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சுக்குக் கொண்டுபோனாள்.

சிறந்த வடிவமைப்புக்கான பரிசு கிடைத்தது. அக்கா மேடையில் நிற்கும் புகைப்படத்தைக் கொண்டுவந்தாள். ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் ராஜா வேஷத்து அனந்தராமன். போஸ்டரின் கீழோரத்தை அவள் விரல்கள் பிடித்திருந்தன. முகம் நன்றாகச் சிரித்தது.

என் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா சுமதி, என்னமா வரைஞ்சிருக்கே. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, ஊசில நூல் கோக்கவே ஒரு மணி நேரம்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போகும்போது புகைப்படத்தை என் கையில் வைத்து, "இத நீயே வச்சிக்க புள்ள. அந்தப் போஸ்டர ஆபீஸ்ல மாட்டிருக்காங்க. ஒருநா கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்" என்று காதோடு சொன்னாள். எதைக் காட்டுவாள்? அவள் பெயரில் தொங்கும் என் படத்தை. நான் போக விரும்பவில்லை. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். தலைவலி என்றேன்.

நான் கோபப்படவில்லை. கோபம் வேலையைக் கெடுக்கும். ஒரு நியாயத்தை மட்டும் யோசித்தேன். அவள் என்னை இல்லாமல் ஆக்கிவிட்டாள். அவளை ஒரே ஒரு நாள் இல்லாமல் ஆக்கினால் அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அத்துடன் கணக்கு சரியாகிவிடும். அதோடு, அவள் என்னிடம் ஒரு போஸ்டர் கேட்டிருந்தாள்.

நான் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது. புகைப்படத்தைக் கழுத்துக்குக் கீழே வெட்டினேன். கோப்பையும் விரல்களும் இருந்த கீழ்ப்பாதியைப் பார்க்காமலே அடுப்பில் போட்டேன். முகத்தைப் போஸ்டரின் முக்கால்வாசிக்கு வைத்தேன். கண்புரை உள்ளவருக்கு எதிர்ச் சுவரில் இருப்பது தெரிய வேண்டுமென்றால் அந்த அளவு தேவை. பின்னணியில் அழுக்கு வெள்ளை. கண் முதலில் சிரிப்பில் விழும், பிறகு 'தோற்றம்', 'மறைவு' என்ற இரண்டு தேதிகளுக்கு இறங்கும். அச்சகத்திலேயே எழுத்துகள் இருக்கும். ஆனால் அவை எல்லாச் சாவுக்கும் ஒன்றுபோல இருக்கும். 'கண்ணீர் அஞ்சலி' என்பதை நானே கையால் எழுதினேன், சுழிகள் கண் இமைபோலத் தாழ்ந்திருக்கும்படி. அடியில் 'ஹைதராபாத் அலுவலக நண்பர்கள்' என்று போட்டேன்.

கோவில்பட்டி அச்சகத்தின் முகவரி என்னிடம் இருந்தது. அக்காவின் சித்தி மகள் கல்யாணப் பத்திரிகையின் கீழோரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. கீழோரத்தைப் பார்க்காமல் நான் எதையும் விடுவதில்லை. காலனி பிரவுசிங் சென்டரில் புதிதாக ஒரு மெயில் முகவரி தொடங்கி, படத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். பணம் மணியார்டரில் போயிற்று. சனிக்கிழமை இரவு ஒட்ட வேண்டும், அக்காவின் அம்மா இருக்கும் தெருவில் மட்டும் போதும் என்று எழுதியிருந்தேன். ஊர் முழுக்க ஒட்டி அவமானப்படுத்துவது என் நோக்கமல்ல. அவள் யாருக்காக வரைகிறாளோ அவர் பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் அப்பாவும் காய்கறிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். மாடியில் பிளக் பாயின்ட் எரிந்துபோயிருந்ததால் அக்கா சில நாட்களாகத் தன் செல்போனை எங்கள் வீட்டில்தான் சார்ஜ் போடுவாள். அன்றும் போட்டுவிட்டு, "யாராச்சும் கூப்ட்டா ஒரு சத்தம் குடு புள்ள, எண்ணெ தேச்சிக் குளிக்கப் போறேன்" என்று மேலே போனாள். குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. அக்கா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்துக்கொண்டு படியேறிக் கொடுத்திருக்கலாம், அது உண்மை. ஆனால் நான் பேசப் பழகாதவள் என்பது எல்லோருக்கும் தெரியும். எடுத்து என்ன சொல்வது? அக்கா உயிரோடு இருக்கிறாள், குளிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தைகளை மனதுக்குள் ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். அதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடித்தபோது போனுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டேன். துண்டுக்கு அடியில் அது வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அடிக்கவில்லை.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். "யாரும் கூப்ட்டாகளா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் துண்டை எடுத்தபோது போன் மறுபடி அடித்தது. இந்த முறை கோவில்பட்டியில் பக்கத்து வீட்டுக்காரர். அக்காவின் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு ஆண் அலறியது எனக்கே கேட்டது. செத்தவள் பேசுகிறாள் என்று பயந்திருப்பார். பிறகு அழுதார். அக்காவின் அம்மா வாசலிலேயே, தண்ணீர் வாளியோடு விழுந்திருக்கிறார். முதலில் விழவில்லையாம். உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி வாசலுக்கு வந்து சுவரைப் பார்த்திருக்கிறார்.

அன்றே அக்கா ஊருக்குப் போனாள். என் அம்மா அவளுக்குத் துணி எடுத்துவைத்தாள், நான் புளிசாதம் கட்டிக்கொடுத்தேன். கொலை என்று இதைச் சொல்ல முடியாது. போஸ்டரில் ஒரு பிழையும் இல்லை, தேதியைத் தவிர. ஒரு நாள் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் அவளுடைய சாமான்களைக் கட்ட மாடிக்குப் போயிருந்தார்கள். வீட்டைக் காலி செய்கிறாளாம். அவள் மட்டும் எங்கள் அடுக்களைக்கு வந்தாள். கையில் இரண்டு காகிதச் சுருள்கள். முதல் நாள் உட்கார்ந்த அதே இடத்தில், அரிசி டின்னுக்கு முன்னால், உட்கார்ந்து இரண்டையும் தரையில் விரித்தாள்.

ஒன்று சுவரிலிருந்து உரித்தது. ஓரமெல்லாம் பசை காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. இன்னொன்று ஆபீஸில் மாட்டியிருந்த ராஜா போஸ்டர். ஒரு விரலால் 'அஞ்சலி'யின் சுழியைத் தடவினாள். பிறகு அதே விரலால் அனந்தராமனின் வாள் எழுத்துகளைத் தடவினாள். ஒரே கைதான், யாருக்கும் தெரியும். அச்சக எழுத்தைப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் அரைகுறை வேலை செய்ய எனக்கு மனம் வராது.

பிறகு அந்த விரல் ராஜா போஸ்டரின் கீழோரத்துக்கு இறங்கியது. புகைப்படத்தில் அவள் பிடித்திருந்த இடம். அங்கே இருந்தது: சித்திரம் - தாரிணி.

நான் குனிந்து பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். எழுத்து மிகவும் சிறியது. கறுப்பின்மேல் கருநீலம். அப்படிப் போட்டால் யார் கண்ணில் படும்? நானாக இருந்தால் மஞ்சளில் போட்டிருப்பேன். தவறு எங்கே என்று அவளுக்குப் புரிய வேண்டும் அல்லவா? அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், வகுப்பில் டீச்சர் காத்திருப்பதுபோல. பிறகு எழுந்தாள். இரண்டு போஸ்டர்களையும் அங்கேயே விட்டுவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.